மூன்றாம் பிறந்தநாளில் மாறும் சட்டம்: அமெரிக்காவில் ஆரம்பநிலை இடையீட்டிலிருந்து முன்பருவச் சிறப்புக் கல்விக்கு

அமெரிக்காவில் வளர்ச்சித் தாமதம் கண்டறியப்பட்ட கைக்குழந்தைகளுக்கு, பெரும்பாலும் வீட்டுக்கே ஆள் வந்து, பேச்சுப் பயிற்சி, இயன்முறைச் சிகிச்சை, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி) போன்ற சேவைகளை அளிக்கும் ஏற்பாடு உண்டு. இதற்கு ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை என்று பெயர். குழந்தைக்கு மூன்று வயது நிறையும் நாளில் இந்த ஏற்பாடு பொதுவாக முடிந்துவிடுகிறது. பொறுப்பு உள்ளூர்ப் பள்ளி மாவட்டத்தின், அதாவது அப்பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின், கைக்குப் போகிறது. சேவைகள் தாமாகத் தொடர்வதில்லை. குழந்தையைப் பள்ளி மாவட்டம் புதிதாக மதிப்பிட வேண்டும், தகுதி உண்டா என்று முடிவு செய்ய வேண்டும், புதிய திட்டம் எழுதப்பட வேண்டும், அதற்குப் பெற்றோர் புதிதாகக் கையொப்பமிட வேண்டும். குழந்தையின் நிலையில் எந்த மாற்றமும் இல்லாதபோது நேற்று வரை கிடைத்த சேவை இன்று ஏன் மறுக்கப்படுகிறது என்று பெற்றோர் திகைப்பது இந்தக் கட்டத்தில்தான். இதைப் புரிந்துகொள்ள, சட்டம் கட்டப்பட்டிருக்கும் விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரே சட்டம், இரண்டு பகுதிகள்

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, மாற்றுத்திறன் கொண்டோர் கல்விச் சட்டம் என்னும் கூட்டாட்சிச் சட்டம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஐடிஇஏ என்று இதைக் குறிப்பிடுகிறார்கள். 1975இல் வேறு பெயரில் இயற்றப்பட்ட சட்டம், 1990இல் இப்போதைய பெயரைப் பெற்றது. தொடக்கத்தில் அது பள்ளிக் குழந்தைகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருந்தது. 1986ஆம் ஆண்டுத் திருத்தம்தான் பிறந்தது முதல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனித் திட்டம் ஒன்றை உருவாக்கியது; அதே திருத்தம் மூன்று முதல் ஐந்து வயதினருக்கான முன்பருவக் கல்வி உதவியையும் வலுப்படுத்தியது. 1997ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் திட்டம் 'பகுதி சி' என்று அழைக்கப்படுகிறது. மூன்று வயது முதல் இருபத்தொரு வயது வரைக்குமான கல்விப் பொறுப்பு 'பகுதி பி'யில் அடங்கும். 2004இல் சட்டம் மீண்டும் விரிவாகத் திருத்தப்பட்டது. பகுதி சி-க்கான இப்போதைய விதிகள் 2011இல் வெளியாயின.

பகுதி சி-யை நடத்தும் பொறுப்பை எந்தத் துறையிடம் ஒப்படைப்பது என்பது மாநிலத்தின் விருப்பம். நியூயார்க்கில் அது சுகாதாரத் துறையிடம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் வளர்ச்சிச் சேவைகள் துறையின் கீழ் ரீஜனல் சென்டர்கள் எனப்படும் வட்டார மையங்கள் பெரும்பகுதியைக் கவனிக்கின்றன. டெக்சஸில் சுகாதார, மனிதச் சேவைகள் ஆணையம் நடத்துகிறது. பகுதி பி-யோ எல்லா இடங்களிலும் கல்வித் துறையையும் பள்ளி மாவட்டங்களையும் சார்ந்தது. எனவே, பல மாநிலங்களில் மூன்றாம் பிறந்தநாளன்று குழந்தை ஒரு துறையிலிருந்து முற்றிலும் வேறொரு துறைக்கு மாறுகிறது. இரண்டு துறைகளின் கோப்புகளும் கணினி அமைப்புகளும் அலுவலர்களும் வேறு.

இரண்டும் கேட்கும் கேள்விகள் வேறு

அலுவலகம் மாறுவதைவிடப் பெரிய மாற்றம், குழந்தையைப் பற்றிச் சட்டம் கேட்கும் கேள்வியே மாறிவிடுவது. பகுதி சி, "இந்தக் குழந்தை வளர்வதற்கு இந்தக் குடும்பத்துக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேட்கிறது. பகுதி பி, "இந்தக் குழந்தையின் குறைபாடு அதன் கற்றலைப் பாதிக்கிறதா, அதனால் சிறப்புக் கல்வி தேவைப்படுகிறதா?" என்று கேட்கிறது. நடைமுறையில் தெரியும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவையே.

1. திட்டம். பகுதி சி-யில் எழுதப்படுவது தனிப்பட்ட குடும்பச் சேவைத் திட்டம், ஐ.எஃப்.எஸ்.பி. என்பார்கள். குடும்பத்தின் முன்னுரிமைகளும் அதில் இடம்பெறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது மீள்பார்வை செய்யப்படும். பகுதி பி-யில் அதன் இடத்தில் வருவது தனிப்பட்ட கல்வித் திட்டம், அதாவது ஐ.இ.பி. அது குழந்தையின் கற்றலை மட்டும் மையமாகக் கொண்டது. குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும்.

2. இடம். பகுதி சி-யின் சேவைகள், முடிந்தவரை, குழந்தையின் இயல்பான சூழலில் நடக்க வேண்டும்: வீடு, குழந்தைகள் காப்பகம், பூங்கா. பகுதி பி-யில் அளவுகோல் 'மிகக் குறைந்த கட்டுப்பாடுள்ள சூழல்' என்பது. குறைபாடில்லாத குழந்தைகளோடு சேர்ந்து கற்க இயன்ற அளவுக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

3. செலவு. பகுதி சி-யில் மதிப்பீடும் திட்டம் எழுதுவதும் சேவை ஒருங்கிணைப்பும் இலவசம். மற்றச் சேவைகளுக்குக் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம் வாங்க மாநிலங்களுக்கு அனுமதி உண்டு. பகுதி பி-யில் ஐ.இ.பி.யில் எழுதப்பட்ட எதற்கும் பெற்றோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

4. துணை நிற்பவர். பகுதி சி-யில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சேவை ஒருங்கிணைப்பாளர் இருப்பார்; தொலைபேசியில் அழைத்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்வதும் கூட்டங்களை ஏற்பாடு செய்வதும் அவர் வேலை. பகுதி பி-யில் அப்படியொரு பதவியைச் சட்டம் உருவாக்கவில்லை. இந்த வேலையில் பெரும்பங்கு பெற்றோர் தலையில் விழுகிறது. என் கணிப்பில், குடும்பங்கள் மாற்றத்தின்போது உணரும் இழப்பில் பெரியது இதுதான். ஆனால் கூட்டங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே.

தகுதி ஏன் கைநழுவுகிறது

பகுதி சி-யில் ஒரு குழந்தை இரண்டு வழிகளில் தகுதி பெறலாம். அறிவுத்திறன், உடல் வளர்ச்சி (பார்வையும் செவித்திறனும் இதில் அடக்கம்), தொடர்பாடல், சமூக உணர்வு வளர்ச்சி, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறன் ஆகிய ஐந்து துறைகளில் ஒன்றிலோ பலவற்றிலோ மாநிலம் வரையறுத்த அளவுக்குத் தாமதம் இருப்பது ஒன்று. தாமதம் இன்னும் வெளிப்படாவிட்டாலும், டவுன் சிண்ட்ரோம் போல, தாமதத்துக்கு வழிவகுக்கும் என்று பெரிதும் எதிர்பார்க்கப்படும் நிலை கண்டறியப்பட்டிருப்பது இன்னொன்று. வளர்ச்சித் தாமதம் ஏற்படும் ஆபத்துள்ள குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ள மாநிலங்கள் விரும்பினால் முடியும்.

பகுதி பி-யில் இரண்டு நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேற வேண்டும். முதலாவது, சட்டம் பட்டியலிடும் பதின்மூன்று குறைபாட்டு வகைகளுள் ஒன்றில் குழந்தை அடங்க வேண்டும். ஆட்டிசம், செவித்திறன் குறைபாடு, பேச்சு அல்லது மொழிக் குறைபாடு, உடலியக்கக் குறைபாடு, பிற உடல்நலக் குறைபாடு முதலியவை அவற்றில் சில. மூன்று முதல் ஒன்பது வயது வரையோ அதற்குள் அமைந்த ஒரு வயதுப் பிரிவிலோ 'வளர்ச்சித் தாமதம்' என்ற வகையையும் பயன்படுத்திக்கொள்ள மாநிலங்களுக்கு விருப்பம் உண்டு. இரண்டாவது, அந்தக் குறைபாட்டின் காரணமாகவே குழந்தைக்குச் சிறப்புக் கல்வி தேவைப்பட வேண்டும்.

பெரும்பாலான ஏமாற்றங்கள் இரண்டாவது நிபந்தனையிலிருந்து பிறக்கின்றன. நடையில் தாமதம் உள்ள, ஆனால் பேச்சிலும் விளையாட்டிலும் பிற குழந்தைகளைப் போலவே இருக்கும் ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். பகுதி சி-யில் இயன்முறைச் சிகிச்சை பெற அதற்குத் தடையில்லை. பகுதி பி-யின் பார்வையில் இயன்முறைச் சிகிச்சை ஒரு 'தொடர்புடைய சேவை'. சிறப்புக் கல்வியால் குழந்தை பயனடையத் துணைசெய்வதற்காக அளிக்கப்படுவது. சிறப்புக் கல்வியே தேவையில்லை, இந்தத் துணைச் சேவை மட்டும் போதும் என்ற நிலையில், மாநில விதி அந்தச் சேவையையே சிறப்புக் கல்வியாகக் கருதினாலன்றி, குழந்தை தகுதி பெறுவதில்லை. பேச்சுப் பயிற்சி இதில் சற்று வேறு: பேச்சு அல்லது மொழிக் குறைபாடு பட்டியலில் தனி வகையாகவே இருப்பதாலும், பல மாநிலங்கள் பேச்சுப் பயிற்சியையே சிறப்புக் கல்வியாக ஏற்பதாலும், பேச்சுத் தாமதம் மட்டுமே உள்ள குழந்தைக்கு வழி பெரும்பாலும் திறந்திருக்கிறது.

மருத்துவர் தரும் நோயறி சான்றும் பள்ளி மாவட்டத்தின் தகுதி முடிவும் ஒன்றல்ல. குழந்தை மருத்துவர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், கல்வியைப் பாதிக்கிறதா என்பதைப் பள்ளி மாவட்டம் தனியாக ஆராயும். அந்தச் சான்றைப் பள்ளி மாவட்டம் கருத்தில் கொள்ள வேண்டும். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கட்டாயமில்லை. மறுபுறம், ஒரேயொரு தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் குழந்தைக்குத் தகுதியில்லை என்று சொல்லவும் சட்டம் இடம் தரவில்லை. பல்வகைச் சான்றுகள் வேண்டும். பெற்றோர் தரும் தகவலும் அவற்றில் ஒன்று.

பிறந்தநாளிலிருந்து பின்னோக்கி எண்ணுதல்

சட்டம் விதிக்கும் காலக்கெடுக்கள் எல்லாம் மூன்றாம் பிறந்தநாளை அச்சாகக் கொண்டவை.

1. ஐ.எஃப்.எஸ்.பி.யில் மாற்றத்துக்கான படிகளும் சேவைகளும் எழுதப்பட வேண்டும். இது பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்பு நடக்க வேண்டும். அனைவரும் ஒப்புக்கொண்டால் ஒன்பது மாதம் முன்பிருந்தே செய்யலாம்.

2. பகுதி பி-க்குத் தகுதி பெற வாய்ப்புள்ள குழந்தை என்றால், குறைந்தது 90 நாள் முன்பு பகுதி சி முகமை உள்ளூர்ப் பள்ளி மாவட்டத்துக்கும் மாநிலக் கல்வித் துறைக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் தொடர்பு விவரம் ஆகியவை இதில் அடங்கும். இந்த அறிவிப்புக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவையில்லை. எனினும், பெற்றோர் மறுப்புத் தெரிவிக்க அனுமதிக்கும் கொள்கையைச் சில மாநிலங்கள் வைத்திருக்கின்றன. மதிப்பீட்டு அறிக்கைகளையும் ஐ.எஃப்.எஸ்.பி. நகலையும் அனுப்ப வேண்டுமானால் ஒப்புதல் கட்டாயம்.

3. அதே 90 நாள் முதல் ஒன்பது மாதம் வரையிலான இடைவெளியில், குடும்பம் சம்மதித்தால், பகுதி சி-யிலிருந்து வெளியேறுவதைத் திட்டமிடும் மாற்றக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். பள்ளி மாவட்டப் பிரதிநிதி இதில் பங்கேற்க வேண்டும்.

4. பள்ளி மாவட்டம் மதிப்பீட்டைத் தொடங்கப் பெற்றோரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள், அல்லது மாநிலம் தனியாக வகுத்த காலத்துக்குள், மதிப்பீடு முடிய வேண்டும். தகுதி உண்டு என்று முடிவானால் 30 நாளுக்குள் ஐ.இ.பி. கூட்டம் நடக்க வேண்டும்.

5. பகுதி சி-யிலிருந்து வரும், தகுதியுள்ள குழந்தைக்கு மூன்றாம் பிறந்தநாளுக்குள் ஐ.இ.பி. எழுதப்பட்டு நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும்.

இந்த எண்களைக் கூட்டிப் பார்த்தால் சட்டத்தின் இறுக்கம் புரியும். நவம்பர் 10 அன்று ஒரு குழந்தைக்கு மூன்று வயது நிறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மாதத்துக்கு முன் என்றால் பிப்ரவரி 10. தொண்ணூறு நாளுக்கு முன் என்றால் ஆகஸ்ட் 12. ஆகஸ்ட் 12 அன்றே மாற்றக் கூட்டம் நடந்து, அன்றே பெற்றோர் மதிப்பீட்டுக்குக் கையொப்பமிட்டால், 60 நாள் முடிவது அக்டோபர் 11. அதிலிருந்து 30 நாள் எண்ணினால் சரியாக நவம்பர் 10. ஒருநாள் கூட மிச்சமில்லை. ஒரு சளிக்காய்ச்சலோ, நிபுணர் ஒருவர் விடுப்பெடுப்பதோ போதும், கணக்குத் தவறிவிடும். ஆகஸ்ட் மாதம் பள்ளிகளின் கோடை விடுமுறைக் காலம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. விடுமுறை நாள்களைக் கணக்கில் சேர்க்காத மாநிலங்களும் உண்டு: கலிஃபோர்னியாவில் ஐந்து பள்ளி நாளுக்கு மேற்பட்ட விடுமுறை, அறுபது நாள் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. ஆனால் பிறந்தநாள் கெடுவுக்கு அப்படி விலக்கு எதுவும் இல்லை. மதிப்பீட்டுக் காலம் இன்னும் பாக்கியிருக்கிறது என்று சொல்லிப் பள்ளி மாவட்டம் பிறந்தநாளைத் தாண்டிச் செல்ல முடியாது.

ஆகவே, சட்டம் சொல்லும் 90 நாள் கடைசி எல்லை. திட்டமிடுவதற்கு ஏற்ற நாளாக அதைக் கொள்வது தவறு. குழந்தைக்கு இரண்டே கால் வயதாகும்போதே மாற்றக் கூட்டத்தைக் கோருவதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. அப்போதே மதிப்பீட்டு ஒப்புதலை எழுதிக் கொடுத்தால் மட்டும் அறுபது நாள் கடிகாரம் ஓடத் தொடங்கும். கூட்டத்தில் வாய்மொழியாகச் சரி என்று சொல்வதோ, படிவம் தபாலில் வரும் என்று காத்திருப்பதோ அதைத் தொடங்கி வைக்காது.

பிறந்தநாள் கோடை விடுமுறையில் வந்தால் சேவை தொடங்கும் தேதியை ஐ.இ.பி. குழு முடிவு செய்யும், ஆனால் ஐ.இ.பி. பிறந்தநாளுக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. இந்தக் கெடுக்கள் எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகின்றன என்பதை மாநிலங்கள் ஆண்டுதோறும் கூட்டாட்சிக் கல்வித் துறைக்கு அறிக்கையாகத் தர வேண்டும். இதற்கு விதிக்கப்பட்ட இலக்கு 100 விழுக்காடு.

தாமதமாக வந்து சேரும் குழந்தைகள்

எல்லாக் குழந்தைகளும் ஒரு வயதிலேயே கண்டறியப்படுவதில்லை. பிறந்தநாளுக்கு 45 நாளுக்கு மேல், 90 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது பகுதி சி-யில் தகுதி பெற்றால், முகமை பள்ளி மாவட்டத்துக்கு இயன்ற விரைவில் அறிவிக்க வேண்டும். 45 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது பரிந்துரை வந்தால், பகுதி சி மதிப்பீடு செய்யவே கட்டாயமில்லை. பெற்றோர் ஒப்புதலோடு நேராகப் பள்ளி மாவட்டத்துக்கு அனுப்பிவிடலாம். இரண்டரை வயதைக் கடந்த குழந்தையின் பெற்றோர் பகுதி சி-யின் வாசலில் மட்டும் காத்திராமல் பள்ளி மாவட்டத்தையும் நேரடியாக அணுகுவது நல்லது. மதிப்பீடு கேட்கும் உரிமை பெற்றோருக்கே உண்டு, யாருடைய பரிந்துரையும் தேவையில்லை.

முதல் ஐ.இ.பி. கூட்டம்

இந்தக் கூட்டத்தில் பெற்றோர் விருந்தினர் அல்லர். சட்டப்படி குழுவின் உறுப்பினர். இரண்டு உரிமைகள் அதிகம் பயன்படுத்தப்படாமல் கிடக்கின்றன. முதலாவது, பெற்றோர் கேட்டால், பகுதி சி-யின் சேவை ஒருங்கிணைப்பாளருக்கும் பள்ளி மாவட்டம் அழைப்பு அனுப்ப வேண்டும். இரண்டாண்டுகளாகக் குழந்தையை அறிந்த ஒருவர், அறிக்கைகளில் எழுதப்படாத விவரங்களையும் சொல்லக்கூடியவர், அந்த மேசையில் இருப்பது எல்லா வகையிலும் நல்லது. இரண்டாவது, மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஐ.இ.பி. எழுதும்போது ஐ.எஃப்.எஸ்.பி.யில் உள்ளவற்றைக் குழு கருத்தில் கொள்ள வேண்டும். மாநிலக் கொள்கை இடம் தந்து பெற்றோரும் எழுத்துபூர்வமாகச் சம்மதித்தால் அந்தத் திட்டத்தையே ஐ.இ.பி.யாகப் பயன்படுத்தவும் வழி உண்டு.

இரண்டு ஒப்புதல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மதிப்பீட்டுக்கு இடப்படும் கையொப்பம் சேவையைத் தொடங்குவதற்கான கையொப்பம் ஆகாது. சேவைக்குப் பெற்றோர் ஒப்புதல் மறுத்தால், பள்ளி மாவட்டம் வழக்காடி அதை மீற முடியாது; சேவையும் கிடைக்காது.

சேவை எங்கே நடக்கும் என்பது கூட்டத்தின் கடைசியில் வரும் கேள்வியாக இருக்க வேண்டும். குழந்தைக்கு என்ன தேவை என்பது முதலில் எழுதப்பட்ட பின்பே இடம் தீர்மானிக்கப்பட வேண்டும். பள்ளி மாவட்டத்தின் சொந்த முன்பருவ வகுப்பு, ஹெட் ஸ்டார்ட் (குறைந்த வருமானக் குடும்பங்களின் குழந்தைகளுக்கான கூட்டாட்சி முன்பருவத் திட்டம்) மையம், தனியார் முன்பருவப் பள்ளி, சில வேளைகளில் வீடு எனப் பல வாய்ப்புகள் இருக்கின்றன. மாவட்டத்தில் எல்லாக் குழந்தைகளுக்குமான பொது முன்பருவப் பள்ளி இல்லை என்பது, சிறப்புக் கல்வியை மறுப்பதற்கான காரணம் ஆகாது.

வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகள்

தமிழ் பேசும் வீடுகளுக்கு இது தனியாகக் கவனிக்க வேண்டிய பகுதி. இயன்றவரை, குழந்தை என்ன அறிந்திருக்கிறது, என்ன செய்ய முடிகிறது என்பதை மிகத் துல்லியமாகக் காட்டக்கூடிய மொழியிலும் வடிவிலும் மதிப்பீடு நடக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆங்கிலம் போதிய அளவு தெரியாமை மட்டுமே காரணமாக ஒரு குழந்தையைக் குறைபாடுள்ளதாக முடிவு செய்யக் கூடாது. எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது: "வீட்டில் இரண்டு மொழி பேசுகிறீர்கள், அதனால்தான் தாமதம்" என்று சொல்லி உண்மையான மொழிக் குறைபாட்டைத் தள்ளிப்போடுவது. உண்மையான மொழிக் குறைபாடு இருந்தால் அது குழந்தை பேசும் எல்லா மொழிகளிலும் வெளிப்படும்; ஆங்கிலத்தில் மட்டும் சொற்கள் குறைவாக இருப்பதற்கு வேறு பொருள். எனவே, தமிழில் குழந்தை என்ன புரிந்துகொள்கிறது, எத்தனை சொற்களைச் சேர்த்துப் பேசுகிறது என்பதைப் பெற்றோர் எழுதி வைத்துக்கொண்டு மதிப்பீட்டாளரிடம் கொடுப்பது பயன் தரும். கூட்டத்தில் நடப்பதைப் பெற்றோர் புரிந்துகொள்ளத் தேவையானதைச் செய்வது பள்ளி மாவட்டத்தின் கடமை; மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வதும் அதில் அடங்கும்.

தகுதியில்லை என்றால், கருத்து வேறுபட்டால்

தகுதி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பள்ளி மாவட்டத்தின் மதிப்பீட்டை ஏற்காத பெற்றோர், பொதுச் செலவில் வெளி நிபுணரைக் கொண்டு சுதந்திர மதிப்பீடு கேட்கலாம்; மாவட்டம் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது தன் மதிப்பீடு சரியானதே என்று விசாரணையில் நிறுவ வேண்டும். 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, ஐ.இ.பி. தகுதி இல்லாத சில குழந்தைகளுக்கும் ஏற்ற வசதிகளை உறுதி செய்கிறது. ஹெட் ஸ்டார்ட் திட்டம், தன் சேர்க்கையில் குறைந்தது 10 விழுக்காடு இடங்களை மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டியது. ஐடிஇஏ சட்டத்தின் கீழ் நிதி பெறும் பெற்றோர் பயிற்சி, தகவல் மையம் ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒன்றாவது இருக்கிறது. அதன் உதவிக்குக் கட்டணம் இல்லை.

சில மாநிலங்கள், 2004 திருத்தம் தந்த விருப்பத்தைப் பயன்படுத்தி, பகுதி பி-க்குத் தகுதி பெற்ற குழந்தைகளின் பெற்றோர் விரும்பினால் மூன்று வயதுக்குப் பின்னும் ஐ.எஃப்.எஸ்.பி.யிலேயே தொடர அனுமதிக்கின்றன. மேரிலாந்து அவற்றுள் ஒன்று. இந்த வழி இருக்கும் மாநிலத்தில் அதைத் தேர்வதன் விளைவையும், அப்போது பகுதி பி சேவைகளை எந்த நிலையில் விட்டுக்கொடுக்க நேரிடும் என்பதையும் கேட்டறிந்த பின்பே முடிவு செய்ய வேண்டும்.

வழக்கு நடக்கும்போது பழைய சேவை தொடருமா என்பது பெற்றோர் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி. பள்ளிக் குழந்தைகளுக்கு, தகராறு தீரும் வரை இருக்கும் நிலை நீடிக்கும் என்ற பாதுகாப்பு உண்டு. பகுதி சி-யிலிருந்து வரும் குழந்தைக்கும் இது பொருந்துமா என்பதில் நீதிமன்றங்கள் பிளவுபட்டன: 2005இல் மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய சேவைகள் தொடர வேண்டும் என்றது, 2007இல் பதினோராவது வட்டார நீதிமன்றம் அதற்கு மாறாகத் தீர்ப்பளித்தது. 2006இல் வெளியான கூட்டாட்சி விதி, மூன்று வயது நிறைந்த குழந்தைக்கு, பழைய பகுதி சி சேவைகளைத் தொடர்ந்து அளிக்கக் கட்டாயமில்லை என்கிறது. தகுதியுண்டு என்று முடிவாகி, பெற்றோர் ஒப்புதலும் தந்திருந்தால், தகராறில் இல்லாத சேவைகளை மட்டும் மாவட்டம் தொடங்க வேண்டும். ஆகவே, ஐந்து சேவைகளில் ஒன்றின் அளவைப் பற்றி மட்டும் கருத்து வேறுபாடு என்றால், மற்ற நான்குக்கும் எழுத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டு, எஞ்சியதைப் பற்றி வாதிடுவதே குழந்தைக்கு நன்மை.

கெடு தவறி, ஐ.இ.பி. பிறந்தநாளுக்குப் பின் தள்ளிப்போனால், மாநிலக் கல்வித் துறையிடம் எழுத்துபூர்வமான புகார் கொடுக்கலாம். மீறல் நடந்து ஓராண்டுக்குள் கொடுக்கப்பட வேண்டிய இந்தப் புகாருக்கு வழக்கறிஞர் தேவையில்லை. பொதுவாக 60 நாளுக்குள் மாநிலம் முடிவு சொல்ல வேண்டும். மீறல் உறுதியானால், தவறிய நாள்களுக்கு ஈடாகக் கூடுதல் பயிற்சி வகுப்புகள் தரும்படி பள்ளி மாவட்டத்துக்கு ஆணையிட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. பிறந்தநாளன்று என்னென்ன சேவைகள் நடந்துகொண்டிருந்தன, எந்தத் தேதியில் எந்தப் படிவம் கையொப்பமானது, யாருக்கு எப்போது மின்னஞ்சல் அனுப்பப்பட்டது என்ற பதிவுகளே அப்போது சான்றாக நிற்கும்.